மூக்கு மலைக்குப் பின்னால் ஒரு பழைய ராஜதானி

ஆறு தமிழ்நாட்டுக்கு வருகிறது. பாட்டும் வந்தது. ஊர் மட்டும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்துவிட்டால் சென்னைப் பதிப்பு நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் தலைகாட்டும். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பியது. உபரி நீர் திறப்பு. பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. அணை எங்கே இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்வதற்காக ‘சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரம் அருகே’ என்று இரண்டு மூன்று சொற்கள். வெள்ளம் வடிந்ததும் செய்தி போய்விடும். அடுத்த மழை வரை அந்தப் பெயர் தமிழ்நாட்டில் யாருக்கும் தேவைப்படாது.

இத்தனைக்கும் சென்னையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். திருப்பதிக்குப் போகும் லட்சக்கணக்கான தமிழர்கள் அந்த ஊருக்குச் சில மைல் கிழக்கே கடந்து போகிறார்கள். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று செல்லும் நெடுஞ்சாலையில் நகரியை நெருங்கும்போது ஒரு மலை மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கப்பல் ஓட்டிகள் வங்கக் கடலிலிருந்தே இதை அடையாளம் கண்டார்கள்; ஆங்கிலேயர் வரைபடங்களிலும் அது நகரி மூக்குதான். இன்னும் கொஞ்சம் போனால் புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் தேடி வரும் அதே புத்தூர்தான். ‘புத்தூர் கட்டு’ என்று தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளில் எல்லாம் பலகை தொங்குகிறதே, அதன் மூலஸ்தானம் இங்கே பக்கத்தில் ராஜு குடும்பத்தினர் தலைமுறைகளாக நடத்தும் கட்டு வைத்தியம். பேருந்துகள் வடக்கே திருப்பதியைப் பார்த்துத் திரும்ப, சித்தூர் சாலை மேற்கே பிரிகிறது. அதில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கார்வேட்டிநகரம்.

மலைகளுக்கு நடுவே ஒரு சிறு ஊர். மாந்தோப்புகள், கரும்பு, வேர்க்கடலை. மண்டல அலுவலகம், கடைத்தெரு, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம். பலகைகள் தெலுங்கில் இருக்கின்றன. தெருப் பேச்சு தெலுங்கு. ஆனால் தமிழில் வழி கேட்பவர் திண்டாட வேண்டியதில்லை. புத்தூர், நகரி, நாராயணவனம் வட்டாரத்தில் நெசவாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டு மொழியே தமிழ். அங்கெல்லாம் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகளும் சண்டை போடாமல் உட்கார்ந்திருப்பதைக் கேட்கலாம். அரசியல்வாதிகளால் முடியாதது வாக்கியத்தால் முடிகிறது.

ஊர்ப் பெயரே அப்படிப்பட்டதுதான். காட்டை வெட்டி அமைத்த நகரம், காடுவெட்டி நகரம், அதுவே கார்வேட்டிநகரமாகத் திரிந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ‘காடுவெட்டி’ என்பது பல்லவ மன்னர்களின் பட்டப்பெயராகவும் கல்வெட்டுகளில் வருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. தெலுங்கில் உச்சரிக்கப்படும் ஒரு பெயருக்குள் தமிழ்ச் சொல் புதைந்து கிடக்கிறது என்றால், இந்தப் பக்கத்தில் அது அதிசயமே அல்ல. இங்கே ஆண்ட ராஜாக்களின் பெயரைப் பாருங்கள்: வெங்கடப் பெருமாள் ராஜு. நடுவில் இருக்கும் பெருமாள் எந்த மொழி?

சிறிய ஊருக்குப் பொருந்தாத பெரிய குளம் ஒன்று இங்கே இருக்கிறது. ஸ்கந்த புஷ்கரிணி. நாற்புறமும் கருங்கல் படிகள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. ஐயாயிரம் பேர் உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சும் போல் தோன்றுகிறது. இவ்வளவு கல்லைச் செதுக்கிக் கொண்டுவந்து இறக்கியவர்களுக்குப் பணமும் ஆளும் ஏராளமாக இருந்திருக்க வேண்டும். ஊர் இழந்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம், இந்தப் படிகளில் உட்கார்ந்தால் போதும்.

ஊரின் தெய்வம் வேணுகோபாலன். ருக்மிணி, சத்தியபாமாவுடன் குழலூதி நிற்கிறான். கோயிலை இன்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. கோடையில் பிரம்மோத்சவம் நடக்கிறது, தெப்பமும் உண்டு. கண்ணன் கோயில் கொண்ட ஊரில் குளம் ஏன் முருகன் பெயரில் இருக்கிறது? ராஜா குடும்பத்தில் பிள்ளை வரம் வேண்டிய கதை ஒன்று சொல்கிறார்கள். கதையை விட்டாலும் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தமிழ்நாட்டுக்காரர்கள் அறுபடைவீடுகளில் ஒன்றாகக் கும்பிடும் திருத்தணிகை, இந்த ராஜாக்களின் சீமையில்தான் இருந்தது.

அங்கேதான் விஷயம் தொடங்குகிறது.

முதலில் நாராயணவனத்தில் இருந்த இந்த வம்சம் பிறகு கார்வேட்டிநகரத்தைத் தலைநகராக்கிக்கொண்டது. நாராயணவனம், வேங்கடேசனுக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நடந்ததாகப் புராணம் சொல்லும் ஊர். ஆகாச ராஜனின் ஊர். தெய்வத் திருமணம் நடந்த ஊரை விட்டுக் காட்டை வெட்டி வேறு ஊர் கட்டியதற்கு, மலைகளின் பாதுகாப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், வடக்குப் பாளையக்காரர்கள் மூவரைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். ஒருவர் வெங்கடகிரிக்காரர். ஒருவர் காளஹஸ்திக்காரர். மூன்றாமவர் ‘பொம்ராஜ்’. இந்தப் பொம்மராஜாதான் கார்வேட்டிநகரத்தின் அதிபதி. திருப்பதிக்குப் போகும் வழிகளின் ஓரத்தில், மலையிடுக்குகளில் ஆள்பலத்தோடு இருந்த இவர்களைப் பகைத்துக்கொள்ள எந்தத் தரப்பும் விரும்பவில்லை.

துப்பாக்கிக் காலம் முடிந்ததும் பத்திரக் காலம் வந்தது. 1802இல் கம்பெனி அரசு இந்தப் பாளையங்களுக்கு நிரந்தர சனது கொடுத்தது. ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டு, மீதி உன்னுடையது என்று கணக்கு. பாளையக்காரர் ஜமீன்தாரானார். படை கலைந்தது, பட்டம் மிஞ்சியது. பிறகு நடந்தது தென்னிந்தியாவின் பல ஜமீன்களில் நடந்த அதே கதை. கடன், வழக்கு, அடமானம், கிராமங்கள் கைமாறுதல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்வேட்டிநகரம் ஜமீன் கடனில் கழுத்தளவு மூழ்கியிருந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஒழிப்பதற்குப் பெருமிதம் ஒன்றும் பெரிதாக மிஞ்சியிருக்கவில்லை.

ராஜாக்கள் பணத்தைச் செலவழித்த விதங்களில் ஒன்று மட்டும் வீண் போகவில்லை. அது பாட்டு.

பதம் பாடுகிறவர்களும் அபிநயம் பிடிப்பவர்களும் க்ஷேத்ரக்ஞரை அறிவார்கள். ‘முவ்வ கோபால’ என்பது அவர் முத்திரை. அவருக்கு அடுத்த வரிசையில் நிற்கும் பெயர் சாரங்கபாணி. முத்திரை ‘வேணுகோபால’. அந்த வேணுகோபாலன் கார்வேட்டிநகரத்துக் கோயிலில் குழலூதி நிற்பவனே. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெங்கடப் பெருமாள் ராஜுவின் அவையில் இருந்தவர் சாரங்கபாணி என்பது இசை ஆய்வாளர்களின் கணக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட பதங்கள் அவர் பெயரில் கிடைத்திருக்கின்றன. க்ஷேத்ரக்ஞரின் நாயகி நாணத்தோடு பேசுவாள் என்றால், சாரங்கபாணியின் பெண்கள் சில சமயம் கிணற்றடியில் பேசுவது போலப் பேசுவார்கள். வட்டாரத் தெலுங்கு, பழமொழி, குத்தல், கேலி எல்லாம் உண்டு. அரண்மனைக்காரர் எழுதிய பாட்டில் தெருவின் வாசனை அடிக்கிறது. பண்டிதர்கள் அவரை இரண்டாம் வரிசையில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் பண்டிதர்களுக்குத்தான் நஷ்டம்.

பிறகு கோவிந்தசாமய்யாவும் கூவனசாமய்யாவும் வந்தார்கள். இருவரும் இந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்த வர்ணக்காரர்கள். பதவர்ணம் என்பது நாட்டியக் கச்சேரியின் நடுத்தூண். ஆடுபவளின் தாளக்கட்டும் பாவமும் ஒரே இடத்தில் பரிசோதிக்கப்படும் உருப்படி. மோகனம், கேதாரகௌளை, நவரோஜ் ஆகிய ராகங்களில் கோவிந்தசாமய்யா அமைத்த வர்ணங்களை வித்வான்கள் மதித்துப் பேசினார்கள். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தமது ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டபோது, வாக்கேயகாரர்களின் வரிசையில் அவருக்கும் இடம் கொடுத்தார். கார்வேட்டிநகரத்தில் பிறந்த உருப்படி தஞ்சாவூர் வழியாக எட்டயபுரத்துப் புத்தகத்தில் ஏறி, கடைசியில் சென்னை சபாக்களுக்கு வந்து சேர்ந்தது. மார்கழி மாதத்தில் மைலாப்பூரில் உட்கார்ந்து கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அது கிளம்பிய ஊர் தெரியும் என்று கேட்பது நியாயமில்லை. இசைக்கு ஊர் கேட்பவர் குறைவு.

பாட்டு மட்டுமல்ல. திருத்தணி இந்த ஜமீனின் ஊராக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சில பெயர்களைப் படித்தால் அவை வேறு விதமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தமிழ் நூல்கள் அச்சேறத் தொடங்கிய காலத்தில் திருக்குறளைப் பதிப்பித்த சரவணப்பெருமாள் ஐயரும் அவருடைய சகோதரர் விசாகப்பெருமாள் ஐயரும் திருத்தணிக்காரர்கள். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் ஒரு பையன் பிறந்தான். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். தகப்பனார் சர்வபள்ளி வீராசாமி, உள்ளூர் ஜமீனில் வருவாய் வேலை பார்த்த சிறிய உத்தியோகஸ்தர். திருத்தணியை வைத்திருந்த ஜமீன் கார்வேட்டிநகரம் ஜமீன். பையன் பிற்காலத்தில் தத்துவப் பேராசிரியராகி, இந்தியாவின் குடியரசுத் தலைவரும் ஆனான். ராதாகிருஷ்ணனைத் தமிழரா தெலுங்கரா என்று இரண்டு பக்கமும் இன்று உரிமை கொண்டாடுகிறார்கள். கார்வேட்டிநகரம் சீமையில் 1888இல் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி கேட்கும் காலமும் வந்தது. இந்தச் சீமை முழுவதும் முதலில் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. ஜில்லாவுக்குத் தலைநகரம் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டின் தலைமை வேலூருக்குப் போயிற்று. வடக்கே கடப்பை ஜில்லாவிலிருந்து பிரித்த தெலுங்குத் தாலுகாக்களும் தெற்கே இரண்டு மொழியும் புழங்கிய சீமையும் ஒரே மாவட்டமாகச் சேர்க்கப்பட்டன. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்த வரை அதனால் தொல்லையில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அப்படியே அதற்குப் போயிற்று, திருத்தணியும் சேர்ந்து.

ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்த் தமிழாசிரியர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. கேட்டது வேங்கடம் வரை. கிடைத்தது திருத்தணி வரை. எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்து ஒரு சூத்திரம் வகுத்தார்: கிராமத்தை அலகாகக் கொள், பெரும்பான்மை மொழியைப் பார், நிலத் தொடர்ச்சியைப் பார். அதை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. பக்கத்துச் சூத்திரங்களை ஒப்பிட்டால் இது நியாயமான ஒன்று என்றே சொல்ல வேண்டும். இன்றுவரை வேறு மாநில எல்லைத் தகராறுகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனால் வெற்றிக் கதையிலும் தோல்விக் கதையிலும் சொல்லப்படாத ஒன்று உண்டு. கோடு விழுந்தது ஒரே ஜமீனின் நடுவே. பள்ளிப்பட்டு, திருத்தணி இந்தப் பக்கம். கார்வேட்டிநகரம், புத்தூர், நாராயணவனம், நகரி அந்தப் பக்கம். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் சாமி கும்பிடவும் ஒன்றாகப் போய்வந்த ஊர்கள். தலைநகரம் ஒரு மாநிலத்தில், அதன் மிகப் பெரிய கோயில் ஊர் இன்னொரு மாநிலத்தில். எந்த நகரமும் தன் பின்னணி நிலத்தைக் கொண்டுதான் பிழைக்கிறது. ஜமீன் போன பிறகு கார்வேட்டிநகரம் நிமிர்வதற்குக் கொஞ்சம் வாய்ப்பு இருந்தது என்றால் அது தெற்கே திருத்தணிப் பக்கம், சென்னை ரயிலின் பக்கம் இருந்தது. ரயில் புத்தூரோடு போய்விட்டது. எல்லை பள்ளிப்பட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே ஊர் அகப்பட்டுக்கொண்டது.

மொழி மாநிலம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கிராமம் கிராமமாக எண்ணி மொழியைப் பிரிக்க முடிந்தது. ஆற்றை அப்படிப் பிரிக்க முடியவில்லை.

குசஸ்தலி என்று ஆந்திரத்திலும் கொசஸ்தலை என்று தமிழ்நாட்டிலும் அழைக்கப்படும் ஆறு இந்த மலைகளில் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு வருகிறது. கார்வேட்டிநகரம் மண்டலத்தில் கிருஷ்ணாபுரம் அணையில் அது தடுக்கப்படுகிறது. நிரம்பினால் பள்ளிப்பட்டு வழியாக இறங்கி, நகரியாற்றையும் சேர்த்துக்கொண்டு பூண்டிக்குப் போகிறது. சென்னை நகரம் கொசஸ்தலைத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது நேற்றல்ல. 1870களிலேயே தாமரைப்பாக்கத்தில் ஆற்றைத் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. நகர மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்த பிறகு நகரத்துக்கு இந்த ஆற்றின் நினைவு கொஞ்சம் மங்கியது. வடகிழக்குப் பருவமழை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆந்திர முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். சித்தூர் மாவட்டத்தில் கொசஸ்தலைப் படுகையில் ஆந்திர அரசு புதிதாக இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிடுகிறது. அது சென்னையின் குடிநீரையும் கீழ்ப்பகுதிப் பாசனத்தையும் பாதிக்கும். கைவிட வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். தமிழ்நாட்டின் பார்வையில் நியாயமான கவலை. மலையடிவாரத்து விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு நியாயம் தெரியும். தன் வயலுக்கு மேலே பெய்யும் மழை மூன்று நாட்களில் தரைப்பாலங்களை மூழ்கடித்துக்கொண்டு கீழே போய்விடுகிறது. மாசி, பங்குனியில் அவன் கிணறு காய்கிறது. அந்த ஆற்றின் மேல்கரையும் கீழ்க்கரையும் ஒரே கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருந்த காலம் உண்டு. அப்போதும் தகராறு இருந்திருக்கும். இரண்டு முதலமைச்சர்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் அப்படியிருக்க, ஊரைத் தாங்குவது மாமரம். சித்தூர் மாவட்டத்தின் மாம்பழம் என்றால் தோத்தாபுரி, தமிழ்நாட்டில் கிளிமூக்கு. பெரும்பகுதி கடைக்கு வருவதில்லை, கூழ் ஆலைகளுக்குப் போகிறது. ஆலை வாங்கினால் பிழைப்பு, வாங்காவிட்டால் சாலையோரம். 2025 கோடையில் விலை விழுந்தது. ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. கர்நாடகத்துத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். மாங்காய்க்கும் எல்லை வந்துவிட்டது.

கோடு போடுவது ஓயவும் இல்லை. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களை மாற்றி அமைத்து, திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியது. புத்தூரும் நாராயணவனமும் அதில் போயின. கார்வேட்டிநகரம் சித்தூரில் இருந்துகொண்டது. வம்சம் புறப்பட்ட ஊரும் வந்து சேர்ந்த ஊரும் இப்போது வெவ்வேறு மாவட்டங்கள். முன்பு பிரிந்த திருத்தணியைச் சேர்த்தால் பழைய சமஸ்தானம் மூன்று ஆட்சியர்களின் கையில் இருக்கிறது.

ஊர் இதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் கோயிலில் பூஜை தடையில்லாமல் நடக்கிறது. அந்தக் கவனம் பாட்டுக்கும் கொஞ்சம் திரும்பினால் நல்லது. திருவையாற்றில் தியாகையருக்குக் கூட்டம் கூடுகிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாருக்குத் தேவஸ்தானமே பெரிய திட்டம் வைத்திருக்கிறது. சாரங்கபாணியின் வேணுகோபாலன் அதே நிர்வாகத்தின் கீழ், அதே கோயிலில் நிற்கிறான். ஸ்கந்த புஷ்கரிணியின் படிகளில் ஒரு சாயங்காலம் அவருடைய பதங்களை யாராவது பாடினால் மேடை போடும் செலவுகூட இல்லை. திருத்தணியிலிருந்தும் ஆட்கள் வரலாம், சாலை இருக்கிறது.

தெப்ப நாளில் குளத்தில் விளக்குகள் மிதக்க, வேணுகோபாலன் தண்ணீரில் வலம் வருகிறான். அந்த மலைகளில் அதே மழை பெய்து, சில மைல் தள்ளி அணையின் மதகு தூக்கப்பட்டால், தகவல் முதலில் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும். அங்கிருந்து பள்ளிப்பட்டுக்கு. மறுநாள் காலை பேப்பரில் உள்பக்கத்தில் நான்கு வரிகள். ஊர்ப் பெயரைச் சிலர் கார்வேட்டிநகரம் என்றும், சிலர் கார்வெட்நகர் என்றும் அச்சிடுவார்கள்.